அமுதுக்குப் பின்னால் அம்பு

அன்புள்ள நண்பா,

பதில் போடாமல் இருந்ததற்கு முதலில் திட்டித் தீர்த்துவிடு, பிறகு படி. வீட்டில் அனைவரும் நலம். சிடுமூஞ்சிக்குப் பெண் பிறந்திருக்கிறாள். அவன் சிரிக்கிறானாம், நம்ப முடிகிறதா?

நான் ஒரு சொல்லடைவு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். பைத்தான் நிரல்மொழியில் அட்டவணைகளைக் கையாள உதவும் பாண்டாஸில், சொற்களையே இண்டெக்ஸாக, அதாவது வரிகளின் அடையாளப் பெயர்களாக வைத்து, அவற்றை வரிசைப்படுத்தும் சார்ட்_இண்டெக்ஸ் கொடுத்தேன். வந்த வரிசையைப் பார்: அனல், அமுது, அறம், அலை, அவை. அகராதியில் அமுது, அலை, அவை, அறம், அனல் என்றல்லவா இருக்கும்? ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற. பாண்டாஸ் அந்த எண்களைத்தான் பார்க்கிறது. நெடுங்கணக்கு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் வருவதால், அகராதியில் முன்னால் வரவேண்டிய அம்பு போய் அமுதுக்குப் பின்னால் நிற்கிறது!

"எதை வைத்து வரிசைப்படுத்துவது என்று நாமே சொல்லும் கீ எதற்கு இருக்கிறது?" என்று உடனே குதிப்பாய். இருக்கிறது, 2020-இல் வந்த 1.1 பதிப்பிலிருந்து. ஆனால் பைத்தானின் சொந்த வரிசைப்படுத்தியான சார்ட்டட் போல ஒவ்வொரு சொல்லாக அது நம் செயற்கூறிடம் நீட்டாது. முழு இண்டெக்ஸையும் கையில் கொடுத்து, அதே நீளத்தில் திருப்பிக் கேட்கும். உள்ளே, ஒவ்வொரு சொல்லையும் மாற்றித் தரும் மேப் போட்டு, எழுத்துகளை நம் வரிசைக்கு ஏற்ற குறிகளாக மாற்றினேன். குறிகளை எழுத்துச் சரமாகவே திருப்ப வேண்டும். டப்பிளாக, அதாவது பல மதிப்புகளின் தொகுப்பாகத் திருப்பினால் மேப் அதைப் பல அடுக்குள்ள மல்ட்டிஇண்டெக்ஸ் ஆக்கிவிடுகிறது.

வரிசை அழகாக வந்துவிட்டது. என் தூக்கம் கெட்டது அதற்குப் பிறகுதான். கீயின் செல்வாக்கு வரிசைப்படுத்தும் நேரத்தோடு முடிந்துவிடுகிறது. இண்டெக்ஸ் ஏறுவரிசையில் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்கிறது பாண்டாஸ். பெயர் சொல்லி வரிகளை எடுக்கும் லோக்கில் 'அமுது' முதல் 'அவை' வரை கேட்டால், இரண்டும் பட்டியலில் இருப்பதால் தருகிறது. பட்டியலில் இல்லாத 'அரசு' முதல் என்று கேட்டால், அப்படி ஒரு பெயர் இல்லை என்னும் கீஎரர் பிழை. யூனிகோட் வரிசையிலேயே விட்டிருந்தால், அந்தச் சொல் இல்லாவிட்டாலும் அதற்குரிய இடத்தைக் கண்டுபிடித்து வெட்டித் தந்திருக்கும். கண்ணுக்கு ஒரு வரிசை, தேடலுக்கு ஒரு வரிசை. இதைத் தெரியாத ஒருவர் நாளை என் நிரலைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்?

வேலை முடியும்வரை யூனிகோட் வரிசை, அச்சுக்கு அனுப்பும்போது மட்டும் அகராதி வரிசை என்பது என் கட்சி. நீ இண்டெக்ஸைச் சாதாரணப் பத்தியாக்கும் ரீசெட்_இண்டெக்ஸ் போட்டு, வரிசை எண்ணுக்கென்று அட்டவணையில் தனிப் பத்தியே வைக்கச் சொல்வாய். எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி சேர்ப்பவன் அல்லவா நீ!

கிரந்த எழுத்துகளைக் கடைசியில் தள்ளியிருக்கிறேன். ஜ ச-வுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று சண்டைக்கு வருவாய். காரணத்தோடு எழுது.

உன்,
பழைய அறைத்தோழன்