1947க்கு முன்பும் ஆடினார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் கறுப்பின பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். "1947இல் இவர் களமிறங்கும்வரை அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் கறுப்பர் ஒருவர்கூட வெள்ளையரோடு சேர்ந்து ஆடியதில்லை" என்று அதில் ஒரு வரி. ராபின்சன்மீது எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. நான் குடியிருப்பது பிங்ஹாம்டனில்.

நியூயார்க் மாநிலத்தில் இப்படி ஓர் ஊர் இருப்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இருந்தும் உங்கள் பக்கங்களில் நியூயார்க் என்றால் மன்ஹாட்டன், பேஸ்பால் என்றால் அந்த நகரத்து யாங்கீஸ் அணி. சின்ன ஊர்களுக்கு ஒரு பத்திகூட ஒதுக்கியதில்லை.

1887இல் இந்த ஊர் அணி, மேஜர் லீக் என்ற உச்ச நிலைக்குக் கீழே இருந்த இன்டர்நேஷனல் லீக்கில் ஆடியது. ஓட்டக்காரர்கள் தொட்டுப்போகும் மூலைகளில் ஒன்றான இரண்டாம் பேஸைக் காத்து நின்றவர் பட் ஃபவுலர், கறுப்பர். நாவிதர் மகன், தானும் அந்தத் தொழில் தெரிந்தவர். 1878இலேயே மாசச்சூசெட்ஸின் லின் அணிக்குப் பந்து வீசியவர். 1884இல் மினசோட்டாவில் மரம் அறுத்துப் பிழைத்த ஸ்டில்வாட்டர், அடுத்த ஆண்டு அயோவாவின் கியோகக் என்று ஊர் ஊராகப் போனார். அந்த ஊர்கள்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தன. பிங்ஹாம்டனிலும் நன்றாகவே அடித்தார், பேட்டிங் சராசரி .350, அதாவது நூறு வாய்ப்புக்கு முப்பத்தைந்து வெற்றி அடிகள். ரென்ஃப்ரோ என்ற இன்னொரு கறுப்பரும் அதே அணியில் பந்து வீசினார்.

அப்புறம் நடந்ததைத்தான் உங்கள் கட்டுரை ஒரே வரியில் இல்லாமல் ஆக்கிவிட்டது. இவர்கள் அணியில் இருந்தால் ஆடமாட்டோம் என்று சக வீரர்கள் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்குத் தந்தி கொடுத்தார்கள். அந்தக் கோடையிலேயே ஃபவுலர் வெளியே. ஜூலை 14ஆம் தேதி பஃபலோவில் கூடிய லீக் நிர்வாகிகள், இனிமேல் கறுப்பர்களோடு புதிய ஒப்பந்தம் எதையும் ஏற்பதில்லை என்று 6க்கு 4 வாக்கில் முடிவு செய்தார்கள். எங்கள் ஊர் அணி தடைக்கு ஆதரவாக வாக்களித்தது. அதே நாளில் நியூவார்க்கில், அந்த ஊர் அணியின் ஜார்ஜ் ஸ்டோவி என்ற கறுப்பர் பந்து வீசினால் தன் அணி ஆடாது என்று சிகாகோ அணித் தலைவர் கேப் ஆன்சன் முரண்டு பிடித்து, ஸ்டோவியை உட்கார வைத்தார். ஸ்டோவியின் பந்தைப் பிடித்து நின்ற கேட்சர் ஃப்ளீட் வாக்கரும் கறுப்பர்தான், 1884இல் டொலிடோவுக்காக மேஜர் லீக்கிலேயே ஆடியவர். உங்கள் வரி அவரையும் சேர்த்தே அழிக்கிறது.

"ஆடியதில்லை" என்று எழுதினால் கறுப்பர்கள் அதுவரை வாசலுக்கே வரவில்லை என்று ஆகிறது. வந்தார்கள், ஆடினார்கள், ஜெயித்தார்கள். பிறகு கூட்டம் போட்டு, கை தூக்கி, வெளியே தள்ளினார்கள். தள்ளியவர்களின் குற்றமும் உங்கள் வரியில் காணாமல் போகிறது. ராபின்சன்கூட புரூக்ளினின் மேஜர் லீக் அணிக்குப் போகும் முன், 1946 ஏப்ரலில், மான்ட்ரியல் அணிக்காக இன்டர்நேஷனல் லீக்கில்தான் இறங்கினார். 1887இல் கதவைச் சாத்திய அதே லீக்.

இந்த வருத்தம் இன்றைக்கு வந்ததல்ல. முன்பொரு முறை, மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்கை "பெரிய அணியில் இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம்" என்று எழுதினீர்கள். அப்போதும் நீளமாகக் கடிதம் போட்டேன். அதில் உங்களைப் பாராட்டிய முதல் இரண்டு வரிகள் மட்டும் அச்சில் வந்தன. நான் எழுதியிருந்தது இதுதான்: அந்தக் காலத்தில் இந்த அணிகளுக்கு மேலே எஜமான் கிடையாது. ஊர்க்காரர்கள் பணம் போட்டு, வாசலில் வசூலான காசில் நடத்தினார்கள். பெரிய அணிகள் இவற்றை நாற்றங்காலாக வளைத்துப்போட்டது பின்னால்தான். அந்த ஏற்பாட்டைப் பெரிதாக வளர்த்த பிராஞ்ச் ரிக்கிதான் ராபின்சனையும் ஒப்பந்தம் செய்தவர். பின்னால் மேஜர் லீக்கில் புகழ் பெற்ற வில்லி கீலர் 1892இல் இங்கே அடித்துத்தான் பேர் வாங்கினார். பிறகு யாங்கீஸுக்குப் பந்து வீசிய வைட்டி ஃபோர்ட் 1949இல் இங்கே பந்து வீசினார். அவர் வீசிய ஜான்சன் ஃபீல்டு மைதானத்தை இடித்து நெடுஞ்சாலை போட்டுவிட்டார்கள். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் பக்கத்து வீட்டுப் பெரியவர், காரில் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, "இதோ, இங்கேதான் மூன்றாம் பேஸ்" என்று கை காட்டுவார். ஒதுங்கும் இடத்தை யாரும் இவ்வளவு காலம் மனதில் வைத்திருப்பதில்லை.

ஃபவுலர் 1913இல் இதே மாநிலத்தின் ஃபிராங்ஃபர்ட்டில் இறந்தார். 1987வரை அவர் கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை. பேஸ்பால் ஆராய்ச்சியாளர்கள்தான் வைத்தார்கள். நான் போயிருந்தபோது அதன் காலடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பந்து மழையில் ஊறிப் பருத்து, சிவப்புத் தையல் ஓரிடத்தில் விட்டுப்போய்க் கிடந்தது. அவர் வளர்ந்த கூப்பர்ஸ்டவுன் எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கேயுள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டது 2022இல். அத்தனை காலம் கழித்துக் கிடைத்த பெயரை நம் தமிழ்ப் பத்திரிகை ஒன்று விட்டுவிட்டதே என்பதுதான் என் மனக்குறை. தெரியாதவர்கள் செய்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த இதழில் இரண்டு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். பட் ஃபவுலர், ஃப்ளீட் வாக்கர் என்ற இரண்டு பெயரும் 1887 என்ற ஆண்டும் அதில் இருக்கட்டும். இடம் போதாது என்றால் இந்தக் கடிதத்தை விட்டுவிடுங்கள், திருத்தம் வந்தால் சரி.

இப்படிக்கு,
நீண்ட கால வாசகர்,
பிங்ஹாம்டன், நியூயார்க் மாநிலம்