மறைந்திருந்து உதவியவர்களுக்கு நன்றி

‘தில்லானா மோகனாம்பாள்’ அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாதஸ்வரக்காரர் ஷண்முகசுந்தரமாகச் சிவாஜியும் நாட்டியக்காரி மோகனாவாகப் பத்மினியும் நடித்த இந்தப் பழைய படத்தைக் கூடி உட்கார்ந்து பார்ப்போம், பார்த்துவிட்டுக் கொஞ்சம் பேசுவோம் என்றுதான் ஆரம்பித்தோம். அது காலையில் உரை, மதியம் படம், மாலையில் நிஜ நாயனக் கச்சேரி என்று ஒரு முழுநாள் விழாவாக வளர்ந்ததற்கு நீங்கள்தான் காரணம். மேடையில் நன்றி சொல்ல எழுந்தபோது தவில் ஆரம்பித்துவிட்டது. தவிலோடு போட்டி போட நான் யார்? அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி நாதஸ்வர வித்வான் ஐயாவுக்கும் அவருடன் வந்த தவில்காரருக்கும். சிவாஜி வாசிப்பதைப் பற்றி ரசிகர்கள் நாங்கள் பேசினால் அது பக்தி. அந்த வாத்தியத்தைத் தினமும் உதட்டில் வைக்கிறவர் பேசும்போது விஷயமே வேறு. கன்னம் உப்புவதையும் கழுத்து நரம்பு புடைப்பதையும் எல்லோரும் பார்க்கிறோம், விரலைப் பாருங்கள் என்றார் அவர். ஒரு சங்கதி முடிகிற இடத்தில் வாயில் வைத்து ஊதும் சீவாளியிலிருந்து உதடு விலகுவதையும், அடுத்த மூச்சு எடுக்கும்போது தோள் எழுவதையும் காட்டினார். படம் ஓடும்போது பாதிப் பேர் அதையே கவனித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். காதல் காட்சியில்கூட!

அந்த இசை உண்மையில் யாருடையது என்பதையும் அவர்தான் எடுத்துச் சொன்னார். மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்கள். படத்தில் சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும் அண்ணன் தம்பியாக அமர்ந்து வாசிக்கும் இடமெல்லாம் இந்த இரண்டு பேரின் மூச்சு. இசையமைத்தவர் கே.வி. மகாதேவன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சகோதரர்களின் முகம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்கள் பெயரைச் சொன்னதும் அரங்கில் எழுந்த கைதட்டல், பிறகு சிவாஜி திரையில் தோன்றியபோது எழுந்ததற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. சிவாஜி ரசிகன் என்ற முறையில் இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

தவில்காரருக்குத் தனியாக ஒரு நன்றி. அவர் பேசியது ஐந்தாறு வாக்கியம்தான். வலக்கை விரல்களில் மாட்டும் கூடுகளைக் கழற்றிப் பிள்ளைகளிடம் கொடுத்தார். இடக்கைக்குப் பூவரசங்கழி. இரண்டையும் மாட்டிக்கொண்டு தட்டிப் பார்த்த ஒரு சிறுவன், அதன்பிறகு படம் முழுக்க முத்துராக்குவாக வரும் டி.எஸ். பாலையாவை மட்டுமே பார்த்தான். அவன் பார்த்தது சரியான படம் என்பது என் கட்சி. சிவாஜி, பத்மினி, நாகேஷ், மனோரமா என்று ஆளுக்கு ஒருவரைத் தூக்கி வைத்துக்கொண்டு சண்டை போட்டீர்கள். ‘நலந்தானா’ பாட்டின்போது நாயனத்துக்கும் நாட்டியத்துக்கும் நடுவில் தவிலோடு உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரின் முகத்தை இன்னொரு தடவை பாருங்கள், அப்புறம் வந்து என்னிடம் பேசுங்கள்.

அடுத்து, பரதம் சொல்லித்தரும் டீச்சருக்கும் அவருடைய மாணவிகளுக்கும். ‘மறைந்திருந்து பார்க்கும் மர்மம் என்ன’ பாட்டை இத்தனை வருடமாகக் கேட்டிருக்கிறோம், பார்த்திருக்கிறோம். சபைக்கு முன்னால் சாமியைப் பார்த்துப் பாடுவதுபோல் ஆடிக்கொண்டே, தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறவனிடம் மோகனா பேசுகிறாள். நேராக வந்து உட்கார்ந்து பார்க்க ஷண்முகசுந்தரத்துக்கு வீம்பு. அந்த வீம்பு தனக்குத் தெரியும் என்று அவளும் காட்டியாக வேண்டும். ஆனால் சபைக்குத் தெரியக் கூடாது. இதை டீச்சர் வாயால் விளக்கவில்லை. இரண்டு மாணவிகளை நிறுத்தி, ஒருத்தியைச் சாமிக்கும் இன்னொருத்தியை ஆளுக்கும் அதே வரியை அபிநயம் பிடிக்கச் சொன்னார். கை முத்திரை ஒன்றேதான். மாறியது கண் மட்டும். அது கால் மணி நேரம்கூட இருக்காது. அன்றைய நாளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். பாட்டு தொடங்கும் ராகம் ஷண்முகப்ரியா என்பதை முன்வரிசையிலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுத்தார். ஷண்முகத்தைப் பிடித்தவள் பாட வேறு எந்த ராகம் பொருந்தும் என்று அவர் கேட்க, அரங்கமே சிரித்தது. மகாதேவன் அதை நினைத்துத்தான் போட்டாரா என்று கேட்கக் கூடாது. ரசிகனுக்கு அதெல்லாம் தேவையில்லாத ஆராய்ச்சி.

பைண்டு செய்த தொடரைக் கொண்டுவந்த அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர் அது. வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோபுலுவின் சித்திரங்களோடு தைத்துக் கட்டிய புத்தகம். அவருடைய தாயார் சேர்த்து வைத்ததாம். யார் கையிலும் கொடுக்கவில்லை, தானே ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டினார். அதுவும் நல்லதுதான், நம் கூட்டத்தின் ஆர்வத்துக்கு அந்தத் தாள் தாங்கியிருக்காது. படம் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே கோபுலுவின் கோட்டில் மோகனாவும் ஷண்முகசுந்தரமும் உருவெடுத்துவிட்டார்கள் என்பதை நேரில் பார்த்தபோது, பத்மினி எந்தப் போட்டியில் இறங்கி ஜெயித்திருக்கிறார் என்பது புரிந்தது. வாசகர்கள் ஏற்கெனவே மனதில் ஒரு மோகனாவைக் குடிவைத்திருந்தார்கள் அல்லவா?

தொடரைப் படித்தவர்களுக்கும் படம் மட்டும் பார்த்தவர்களுக்கும் இடையே இடைவேளையில் நடந்த வாக்குவாதத்தை யாரும் ஒளிப்பதிவு செய்யவில்லை என்பது என் மனக்குறை. அவ்வளவு பெரிய கதையை இயக்குநர் ஏ.பி. நாகராஜன் வெட்டியது நியாயமா, இல்லையா? படித்தவர்கள் பக்கம் ஆள் குறைவு, குரல் அதிகம். சுப்பு வெறும் எழுத்தாளர் இல்லை, 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’ படத்தை இயக்கியவரே அவர்தான் என்று ஒருவர் குறுக்கே புகுந்து சொன்னதும் இரண்டு தரப்பும் ஒரு நிமிடம் அடங்கியது. அந்த அன்பருக்கும் நன்றி. மணியடித்து எல்லோரையும் உள்ளே அனுப்ப எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது.

பிற்பாதி இழுக்கிறது என்று துணிந்து சொன்ன கல்லூரி மாணவருக்கும் ஒரு நன்றி. கத்திக்குத்து, ஆஸ்பத்திரி, மதன்பூர் மகாராஜா என்று கதை நாயனத்தை விட்டு விலகிப் போகிற இடங்களில் எனக்கும் அப்படித்தான் தோன்றும். சுற்றியிருந்தவர்கள் அவரை முறைத்தார்கள். குறை சொல்லக் கூடாத அளவுக்கு ஒரு படத்தை நேசிப்பது ஆபத்து. ஆனால் நாகேஷின் வைத்தி வந்துபோகும் காட்சிகளை மட்டும் எந்தப் பாதியிலும் வெட்டக் கூடாது என்று அவரே சொன்னதால் உயிர் தப்பினார்.

ஜில் ஜில் ரமாமணியாக வேடம் போட்டு வந்த தங்கைக்கு ஒரு பெரிய கும்பிடு. மனோரமாவைப் போலப் பேசிக்காட்டப் பலர் முயற்சி செய்வார்கள், பெரும்பாலும் குரலைத்தான் பிடிப்பார்கள். இவர் பிடித்தது அந்த வெள்ளந்தித்தனத்தை. உங்கள் நாயனத்தில் மட்டும்தான் இப்படிச் சத்தம் வருமா என்கிற அந்தக் கேள்வியை அவர் வந்திருந்த வித்வான் ஐயாவிடமே கேட்டார். ஐயா பதில் சொல்ல வாயெடுத்து, முடியாமல் சிரித்துவிட்டார். சிவாஜியே அந்த இடத்தில் எப்படிச் சிரிக்காமல் நடித்தாரோ.

இனி திரைக்குப் பின்னால் இருந்தவர்கள். திரையிட அனுமதி வாங்க அலைந்த நண்பர், தன் பெயரை எங்கும் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். போடவில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் நாம் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்போம். ஒலி அமைத்த தம்பி பட்ட பாடு அடுத்தது. நாதஸ்வரம் திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியம். ஊர்வலத்தில் தெருக்கோடி வரை கேட்க வேண்டியதை ஒரு மூடிய மண்டபத்தில், அதுவும் பழைய ஒலிப்பதிவில் கேட்கும்போது மேல்ஸ்தாயியில் காது கூசியது. முதல் பாட்டு முடிவதற்குள் அவர் அரங்கின் நான்கு மூலைக்கும் ஓடி ஓடிக் கேட்டு, அதைக் காதுக்கு இதமாகச் சரிசெய்துவிட்டார். மாலைக் கச்சேரிக்கு ஒலிபெருக்கியே வேண்டாம் என்று வித்வான் சொன்னபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை எல்லோரும் பார்த்தோம்.

வர முடியாமல் குரல் பதிவு அனுப்பியவர்களுக்கும் நன்றி. எல்லாவற்றையும் ஒலிபரப்ப நேரம் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கள் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் நாயனக்காரரிடம் ‘நலந்தானா’ வாசிக்கச் சொல்லிக் கேட்டதாகப் பலர் சொல்லியிருந்தீர்கள். வித்வான் ஐயாவிடம் இதைச் சொன்னேன். 1968இல் படம் வந்த நாளிலிருந்து அந்தப் பாட்டைக் கேட்காத கல்யாண வீடு அபூர்வம், ராகம் வாசிக்க விடுகிற வீடுதான் குறைந்துகொண்டே வருகிறது என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, இருந்தாலும் கொஞ்சம் உறைத்தது. அதனால்தான் மாலையில் முதல் ஒரு மணி நேரம் யாரும் சினிமாப் பாட்டு கேட்கக் கூடாது என்று நிபந்தனை போட்டோம். நீங்களும் அந்த நிபந்தனையைக் காப்பாற்றினீர்கள். அதற்கும் நன்றி.

நாற்காலி போட்டவர்கள், மோர் ஊற்றியவர்கள், பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டவர்கள், இருட்டில் டார்ச் பிடித்துப் பெரியவர்களை இருக்கை வரை அழைத்துப்போனவர்கள் என எல்லோருக்கும் கைகூப்பி வணக்கம்.

செலவு போக மீந்த தொகையை, நாதஸ்வரம் கற்றுக்கொள்ளும் ஒரு பிள்ளைக்கு சீவாளி வாங்கக் கொடுத்தோம். சீவாளி நாணலில் செய்வது, அடிக்கடி மாற்றியாக வேண்டும், கற்றுக்கொள்கிற வயதில் அது ஓயாத செலவு என்று வித்வான் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அந்தப் பிள்ளை வாசிப்பது நரசிங்கம்பேட்டையில் செய்த வாத்தியம். 2022இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே ஊர். வரவு செலவுக் கணக்கு எழுதி வைத்திருக்கிறோம், யார் கேட்டாலும் காட்டுவோம்.

அடுத்து எந்தப் படம் என்று இப்போதே இரண்டு கட்சி பிரிந்துவிட்டது. ‘சங்கராபரணம்’ கட்சிக்காரர்கள் என்னை வழியில் மறிக்க வேண்டாம், ‘ஹரிதாஸ்’ கட்சிக்காரர்கள் உங்களுக்கு முன்பே வந்துவிட்டார்கள். இரண்டு தரப்பும் பேசி முடிவுக்கு வாருங்கள். புகைப்படம் எடுத்தவர்கள், குறிப்பாக அந்த இரண்டு மாணவிகளின் அபிநயத்தை எடுத்தவர்கள், தயவுசெய்து அனுப்பிவையுங்கள். டீச்சர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
விழாக் குழுவின் சார்பில், உங்களில் ஒரு பாலையா ரசிகன்