டாங்கியோடு பட்டறையையும் அனுப்புங்கள்: உக்ரைனுக்கான கவசக் கூட்டணிக்கு ஒரு திறந்த மடல்

உக்ரைனுக்கு ஆயுதம் தரும் நாடுகளின் கூட்டமைப்பான உக்ரைன் பாதுகாப்புத் தொடர்புக் குழுவில், டாங்கி உதவியைக் கவனிக்கும் கவசக் கூட்டணியில் இருக்கும் நாடுகளின் பாதுகாப்பு அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் ஆவடிக்காரன். டி-72 டாங்கிகளைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழிலாக இருந்தது. உக்ரைனின் டாங்கி பிரிகேடுகளில் (பல பட்டாலியன்கள் சேர்ந்த பெரிய படைப்பிரிவுகளில்) ஓடிய அதே டி-72ஐத்தான் எங்கள் ஊர் ஆலை உரிமம் வாங்கி, ‘அஜேயா’ என்ற பெயரில் செய்தது. அதனால் அந்த நாட்டில் ஒரு டாங்கி சேற்றில் நிற்கிற படத்தைப் பார்த்தால், அதை யார் இழுப்பார்கள், எஞ்சினை எங்கே வைத்து இறக்குவார்கள் என்றுதான் என் மனம் போகும். நீங்கள் கூடிப் பேசுகிற ஒவ்வொரு முறையும் எத்தனை டாங்கி என்பது தலைப்புச் செய்தியாகிறது. அதோடு நின்றுபோன டாங்கியை இழுக்கும் மீட்பு வண்டி எத்தனை, எத்தனை மாற்று எஞ்சின், எத்தனை ஜோடி சங்கிலிப் பட்டை என்பதைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

உக்ரைனின் வடக்கே இருக்கும் செர்னிஹிவ் நகரை எடுத்துக்கொள்வோம். அருகிலுள்ள ஹொன்சாரிவ்ஸ்கேதான் 1ஆவது தனி டாங்கி பிரிகேடின் தாயகம். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியபோது, அந்த பிரிகேடின் வீரர்கள் முகாமிலேயே அடிபடாமல் வண்டிகளை வெளியே கொண்டுபோய் வெவ்வேறு இடங்களில் நிறுத்தினார்கள். ரஷ்யப் படை அந்த வட்டாரத்தை விட்டுப் பின்வாங்கும் வரை, ஒரு மாதத்துக்கும் மேல் நகரம் விழவில்லை. அவர்களிடம் பெரும்பாலும் இருந்தது டி-64, சோவியத் காலத்துப் பழைய வண்டி. அதை வடிவமைத்ததும் செய்ததும் கார்கிவ் நகரில். அதன் எஞ்சினின் குணம் தெரிந்த மெக்கானிக்குகள் அந்த பிரிகேடிலேயே வளர்ந்தவர்கள். வண்டி பழசு, ஆனால் கை பழகிய வண்டி. அந்தத் தற்காப்பில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் திடமான எண்ணம்.

உக்ரைன் கணக்கில் ஒரு பிளாட்டூனுக்கு 3 டாங்கி, ஒரு கம்பெனிக்கு 10, ஒரு பட்டாலியனுக்கு 31. 2023 ஜனவரியில் அமெரிக்கா தன் ஏப்ரம்ஸ் டாங்கிகளில் 31 தருவதாக அறிவித்ததே, அந்த எண் இப்படி வந்ததுதான். ஒரு டாங்கி பிரிகேடில் இப்படி மூன்று பட்டாலியன்கள் இருந்தன, ஆக நூறை ஒட்டி டாங்கிகள். ஆனால் அது பிரிகேடின் ஒரு பாதிதான். கூடவே பிஎம்பி என்ற கவச வண்டிகளில் வரும் காலாட்படை பட்டாலியன் ஒன்று, 152 மி.மீ. அகாசியா போன்ற, சங்கிலிப் பட்டையில் தானே ஓடும் பீரங்கிகள், 40 குழல் கிராட் ராக்கெட் வண்டிகள், தாழப் பறப்பவற்றைச் சுட ஸ்ட்ரேலா-10 ஏவுகணை வண்டிகள், கண்ணிவெடி அகற்றிப் பாலம் போடும் பொறியாளர்கள், வேவு, தகவல் தொடர்பு, மருத்துவம் எல்லாம் இருந்தன. கடைசியாக, யாரும் படம் எடுக்காத இரண்டு: பழுதுபார்ப்பு பட்டாலியனும், எரிபொருளும் குண்டும் சுமக்கும் வழங்கல் பட்டாலியனும். இந்த இரண்டும் படுத்தால் மற்றதெல்லாம் இரண்டு வாரத்தில் இரும்புக் குவியல்.

டி-72இல் எஞ்சின் மாற்றுவது என்றால் என்ன என்று சொல்கிறேன். முதலில் தண்ணீரையும் ஆயிலையும் வடிக்க வேண்டும். பின்பக்கத்து மேல்தகடுகளைக் கழற்றி, ரேடியேட்டரை ஒதுக்கி, குழாய் ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். எஞ்சின் குறுக்குவாட்டில் படுத்திருக்கும். அதிலிருந்து கியர்பாக்ஸுக்குச் சக்தியைக் கொண்டுபோக, பக்கத்தில் ‘கிட்டார்’ என்று சொல்கிற ஒரு பல்சக்கரப் பெட்டி. பழைய எஞ்சினைக் கிரேனில் தூக்கிப் புதியதை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. எஞ்சினையும் கிட்டாரையும் நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும். தகடு வைத்து, அளந்து, மறுபடி தளர்த்தி, மறுபடி அளந்து பார்க்கிற வேலை இது. இதில் அவசரப்பட்டால் கொஞ்ச தூரத்திலேயே பல்சக்கரம் போய்விடும். நல்ல கொட்டகையில், நல்ல வெளிச்சத்தில், பழகிய ஆட்கள் செய்தாலே ஒரு நாளுக்குக் குறையாது. கிழக்கு உக்ரைனில், டான்பாஸ் போர்முனையின் ஏதோ ஒரு மரத்தோப்பில், கைவிரல் விறைக்கும் குளிரில், விளக்குப் போட்டால் ட்ரோன் வரும் என்ற பயத்தோடு அவர்கள் இதைச் செய்கிறார்கள்.

டி-64இல் கிட்டார் கிடையாது. ஐந்து சிலிண்டரில் பத்து பிஸ்டன் எதிரெதிராக ஓடும் அந்த விசித்திர எஞ்சின் இரண்டு பக்கமும் கியர்பாக்ஸோடு நேரடியாகச் சேரும், கழற்றுவது சுலபம். ஆனால் தூசியும் குளிரும் அதற்கு ஆகாது. உங்கள் ஜெர்மன் லெப்பர்ட் 2 டாங்கியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே பவர்பேக்காக வெளியே வரும், பழகிய ஆட்கள் அரை மணி நேரத்துக்குள் மாற்றிவிடுவார்கள். அருமையான அமைப்பு, மறுக்கவே மாட்டேன். ஆனால் மாற்றுவதற்கு இன்னொரு பவர்பேக் அங்கே இருக்க வேண்டுமே! வண்டி மட்டும் வந்து மாற்று பவர்பேக் வராவிட்டால் அந்த அரை மணி நேரத்துக்கு அர்த்தமே இல்லை.

அடுத்தது ரகங்கள். சோவியத் ரக டாங்கிகளுக்கு 125 மி.மீ. குண்டு. லெப்பர்ட் 2க்கும் ஏப்ரம்ஸுக்கும் 120 மி.மீ. வழவழப்பான குழல். பிரிட்டன் கொடுத்த 14 சாலஞ்சர் 2 டாங்கிகளுக்கும் 120தான், ஆனால் உள்ளே மரை வெட்டிய குழல், மற்ற இரண்டின் குண்டு அதில் போகாது. லெப்பர்ட் 1க்கும் ஸ்லோவேனியாவிலிருந்து வந்த 28 எம்-55எஸ் வண்டிகளுக்கும் 105. எஞ்சின் பக்கம் வந்தால் டி-72இல் 12 சிலிண்டர் டீசல், ஏப்ரம்ஸில் கேஸ் டர்பைன். ஸ்பானர் செட் முதல் ஆயில் வரை எல்லாம் வேறு வேறு. 42 டன் டி-64ஐ இழுக்கும் வண்டியை வைத்துக்கொண்டு 60 டன்னைத் தாண்டிய லெப்பர்டைச் சேற்றிலிருந்து இழுக்க முடியாது.

இந்த மேற்கத்திய டாங்கிகளில் முக்கியமானவை டாங்கி பிரிகேடுகளுக்குப் போகவில்லை என்பதையும் கவனியுங்கள். ஏப்ரம்ஸும் லெப்பர்ட் 2ஏ6உம் 47ஆவது இயந்திரப் பிரிகேடுக்குப் போயின. சாலஞ்சர்கள் 82ஆவது வான்தாக்குதல் பிரிகேடுக்கு. ஸ்வீடன் தந்த 10 ஸ்ட்ரிட்ஸ்வாகன் 122 வண்டிகள் (லெப்பர்ட் 2இன் ஸ்வீடன் வடிவம்) 21ஆவது பிரிகேடுக்கு. ஒரு ரகத்தை ஒரே இடத்தில் வைத்தால்தான் பட்டறை பிழைக்கும் என்று உக்ரைன் தளபதிகள் கணக்குப் போட்டிருக்கிறார்கள், அது சரியான கணக்கு. அவர்கள் இத்தனை சிரமப்பட்டுப் பிரித்து வைத்ததைச் சின்னச் சின்னக் கொடைகளால் மறுபடி கலைக்காதீர்கள். பத்து வண்டி ஒரு ரகம், பதினான்கு வண்டி இன்னொரு ரகம் என்று வருவதைவிட, ஏற்கெனவே அங்கே ஓடுகிற ரகத்துக்கு எஞ்சினும் குழலும் வந்தால் அது பெரிய உதவி.

பெரிய பழுதுகளுக்கு நீங்கள் பட்டறைகள் அமைத்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அவை போலந்தின் கிளிவிட்சேயிலும் லிதுவேனியாவிலும் இருந்தன. கிழக்கே டொனெட்ஸ்க் போர்முனையிலிருந்து அங்கே போக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ரயிலேற்றி, எல்லை தாண்டி, வரிசையில் நின்று, சரிசெய்து, திரும்ப வரும் வரை அந்தப் பட்டாலியனில் ஒரு இடம் காலி. 2023இல் கிளிவிட்சே பட்டறைக்காக ஜெர்மனியும் போலந்தும் செலவு விஷயத்தில் இழுத்தடித்தபோது, இங்கே உட்கார்ந்து படித்த எனக்கே நெஞ்சு பதறியது. பேரம் உங்களுக்குள் நடக்கலாம், ஆனால் அந்த நாட்களில் அடிபட்ட வண்டி அங்கே காத்துக்கொண்டு நின்றது.

டாங்கியின் காலம் முடிந்துவிட்டது, ட்ரோன் வந்தாயிற்று, பிறகு எதற்கு உதிரி பாகம் என்று உங்களில் சிலர் கேட்கலாம். உண்மைதான், 31 டாங்கிகளும் ஒன்றாக உருண்டு போகும் காட்சி இப்போது இல்லை. ஒன்று அல்லது இரண்டு வண்டி மறைவிலிருந்து வந்து சுட்டுவிட்டுத் திரும்புகின்றன, அல்லது தூரத்தில் நின்று பீரங்கி வேலை பார்க்கின்றன. மேலே இரும்புக் கூண்டு, பக்கமெல்லாம் வலை. உக்ரைனே 2025 வாக்கில் தன் டாங்கி பிரிகேடுகளைக் கனரக இயந்திரப் பிரிகேடுகளாக மாற்றி அமைத்துவிட்டது. ஆனால் பட்டறைக்காரன் பார்வையில் பாருங்கள். சின்ன ட்ரோன் அடித்தால் பல நேரம் டாங்கி முழுதாக அழிவதில்லை. சங்கிலி அறுகிறது, பார்வைக் கண்ணாடி உடைகிறது, எஞ்சின் தகடு எரிகிறது. எல்லாம் சரிசெய்யக்கூடிய காயங்கள். அப்படியானால் பழுதுபார்ப்பு முன்பைவிட அதிகம் தேவை.

அந்த வண்டியை மீட்கப் போகிறவர்களின் நிலை இன்னும் மோசம். அடிபட்ட டாங்கியின் முன்னால் மீட்பு வண்டியைப் பின்வாங்கி நிறுத்தி, ஆள் இறங்கி, இரண்டு கனத்த கம்பி வடங்களைக் குறுக்காகக் கொக்கியில் மாட்ட வேண்டும். கையால்தான் மாட்டியாக வேண்டும், வேறு வழியில்லை. மேலே ட்ரோன் சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் டாங்கியை அடித்தவனுக்கு, அதை மீட்க யாராவது வருவார்கள் என்று தெரியும். இந்த ஆட்களுக்குத் தாக்குதல் டாங்கிக்குத் தருகிற அதே ட்ரோன் தடுப்புக் கருவியைத் தராமல் இருப்பது நியாயமா?

என் வேண்டுகோள்கள் இவைதான். அமெரிக்கா அன்று 31 ஏப்ரம்ஸோடு 8 மீட்பு வண்டிகளையும் சேர்த்து அறிவித்தது. அந்த விகிதத்தை இனி எல்லாரும் கடைப்பிடியுங்கள். மீட்பு வண்டி ஒவ்வொன்றுக்கும் ட்ரோன் சிக்னலைத் தடுக்கும் கருவியும் மேற்கூண்டும் பொருத்தியே அனுப்புங்கள். புதிய ரகம் எதையும் பத்து, பன்னிரண்டாகத் தராதீர்கள். டி-72 வைத்திருந்த நாடுகளின் கிடங்குகளில் கிடக்கும் எஞ்சின், கிட்டார், 125 மி.மீ. குழல் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்து அனுப்புங்கள். பழுதுபார்ப்புக் கையேடுகளை உக்ரைன் மொழியிலேயே, படங்களோடு கொடுங்கள். அப்புறம் பெரிய பட்டறையை உக்ரைனுக்குள்ளேயே, மேற்குப் பகுதியில், ஒரே இடத்தில் குவிக்காமல் பல இடங்களில் பரப்பி நிறுத்த உங்கள் நிறுவனங்களுக்குக் காப்பீடும் அனுமதியும் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் பிறகு வரும் உங்கள் அறிக்கையில், டாங்கி எண்ணிக்கைக்கு மேலே மாற்று எஞ்சின்களின் எண்ணிக்கையை எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டாங்கி மெக்கானிக் ஒருவர்,
ஆவடி