அந்தக் கஷாயப் பையில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள்

2027 சுங்சோங் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். நான் போட்டி நடக்கும் இடங்களில் ஒன்றான தேஜோனில் ஆய்வு மாணவன், சனிக்கிழமை தவறாமல் பேட்மிண்டன் ஆடுகிறவன். போன வருடம் கணுக்கால் பிசகி, நொண்டிக்கொண்டே பக்கத்துத் தெருவில் இருந்த ஹான்பாங், அதாவது கொரியப் பாரம்பரிய வைத்தியரிடம் போனேன். அவர் வீங்கின இடத்தைச் சுற்றி விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, முடி போல மெல்லிசான ஏழெட்டு ஊசிகளைக் குத்தி, சிவப்பு விளக்குச் சூட்டில் கால் மணி நேரம் படுக்க வைத்தார். மூன்றாம் தடவை போய் வந்த பிறகு கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்கினேன். அன்றிலிருந்து இந்த வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை.

அதனால் முதல் வேண்டுகோள், வீரர் குடியிருப்பில் கொரிய மருத்துவத்துக்குக் கட்டாயம் இடம் கொடுங்கள். 2015 குவாங்ஜு போட்டியில் இருந்தது, 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கிலும் இருந்தது. ஆறு வருடம் படித்து உரிமம் வாங்கினவர்கள் இவர்கள். ஊசி, தோலை உறிஞ்சிப் பிடிக்க வைக்கும் கப், கையால் எலும்பு மூட்டைச் சரிசெய்யும் சுனா, இதெல்லாம் தசைப்பிடிப்போடு வரும் பிள்ளைகளுக்கு நல்லது.

என் கவலை கஷாயத்தில்தான். கால் சரியாகி வந்தபோது அதே வைத்தியர் ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக் பைகளைக் கொடுத்தார். உள்ளே பழுப்பு நிறக் கஷாயம், பை மேல் சிகிச்சையகத்தின் பெயர் மட்டும். என்ன மூலிகை என்று கேட்டேன், 'உடம்புக்கு நல்லது' என்று சிரித்தார். எனக்குப் பரவாயில்லை, நான் ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு ஜூடோ வீராங்கனைக்கு?

சளி பிடித்தால் இங்கே மருந்துக்கடையில் கல்கன்தாங் என்கிற மூலிகைக் கஷாயம் வாங்கிக் குடிப்பது சாதாரணம். அதில் மாஹ்வாங் என்கிற மூலிகை இருக்கிறது, மாஹ்வாங்கில் எபெட்ரின் என்கிற ஊக்கப்பொருள். போட்டி நாளில் ஒரு மில்லி லிட்டர் சிறுநீரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் எபெட்ரின் இருந்தால் ஊக்கமருந்துக் குற்றம். எடை குறைக்கும் கஷாயத்திலும் இதே மாஹ்வாங்கைத்தான் போடுகிறார்கள், எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடக்கும் டேக்வாண்டோ பிள்ளைகள் தேடிப் போவதும் அதைத்தான். அப்புறம் நம்மூரில் நாபி என்கிறோமே, அந்த நச்சு மூலிகை இனத்து வேரில் ஹைஜெனமின் என்கிற பொருள் உண்டு, அது போட்டி இல்லாத நாளிலும் தடை. எட்டிக்கொட்டையில் ஸ்ட்ரிக்னின் என்கிற நஞ்சு, அதுவும் தடைப் பட்டியலில் இருக்கிறது. எட்டி சித்த மருத்துவத்திலும் புழங்குவதால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதைச் சேர்த்தே சொல்கிறேன்.

2011 பெண்கள் கால்பந்து உலகக் கோப்பையில் வட கொரிய வீராங்கனைகள் ஐந்து பேர் ஸ்டீராய்டு சோதனையில் மாட்டினார்களே, மின்னல் தாக்கினதற்குக் கஸ்தூரி மான் மருந்து கொடுத்தோம் என்று அந்த அணி சொன்னது. அது உண்மையோ இல்லையோ, விளக்கம் எடுபடவில்லை, 2015 உலகக் கோப்பைக்கே அவர்களுக்கு இடம் இல்லாமல் போனது. தங்கத் தாள் ஒட்டின 'கோங்ஜின்டன்' என்கிற உருண்டையைச் சத்து மருந்து என்று இங்கே எல்லாரும் பரிசாகக் கொடுக்கிறார்கள், மரபுப்படி அதில் சேர்வதும் கஸ்தூரிதான். ஒரு தன்னார்வலர் அன்போடு நீட்டினால் எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்? உடம்புக்குள் எப்படி வந்தது என்பதெல்லாம் அப்புறம்தான், வந்திருந்தாலே குற்றம்.

குடியிருப்புக்குள் இருக்கும் வைத்தியர்கள் கவனமாகத்தான் இருப்பார்கள். நான் பயப்படுவது வாசலைத் தாண்டின பிறகு நடப்பதற்கு, தெருமுனை மருந்துக்கடைக்கும் என் வைத்தியரைப் போன்ற நல்ல மனுஷர்களுக்கும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். குடியிருப்புக்குள் ஊசியும் கப்பும் சுனாவும் போதும், கஷாயம் வேண்டாம். அடையாள அட்டையோடு சேர்த்து ஒரு சின்ன அட்டை கொடுங்கள், அதில் மாஹ்வாங், நாபி, எட்டி, கஸ்தூரி இவற்றின் பெயர்களைக் கொரிய எழுத்திலும் வீரரின் மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடியுங்கள், கடைக்காரரிடம் நீட்டி 'இதில் எதாவது இருக்கிறதா' என்று காட்டினால் போதும் என்கிற மாதிரி. போட்டி நடக்கும் நான்கு பகுதிகளில் இருக்கும் ஹான்பாங் வைத்தியர்களிடமும் சொல்லி வையுங்கள், விளையாட்டு வீரர் வந்தால் பை மேல் ஒவ்வொரு மூலிகையின் பெயரையும் எழுதிக் கொடுக்கச் சொல்லி. தமிழில் அந்த அட்டையைப் போடுவதாக இருந்தால் மொழிபெயர்த்துத் தர நான் இருக்கிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
தேஜோனிலிருந்து ஒரு பேட்மிண்டன் ஆட்டக்காரன்