வேலூர் வீட்டுத்தோட்டச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பஜ்ஜி உண்டு என்று சொல்லி அழைத்து வரப்பட்ட குடும்பத்தாருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை, முறை வைத்து ஒவ்வொருவர் மொட்டை மாடியிலும் கூடினோம். மே கூட்டம் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்கெல்லாம் கலைந்துவிட்டது. டிசம்பர் கூட்டம் நடக்கவில்லை. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். உறுப்பினர்கள் இப்போது 41 பேர். சத்துவாச்சாரி, காட்பாடி, தொரப்பாடி, பாகாயம் ஆட்கள்தான் அதிகம். கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர்கள் யார் யார் என்பது டீ போடுகிறவர்களுக்குத் தெரியும்.

இந்த ஆண்டு அதிகம் பேசியது வெயிலைப் பற்றித்தான். நமக்கு வெயில் புதிதில்லை. சுற்றிலும் பாறை மலை. பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுக்கும். 2024 மே முதல் வாரத்தில் ஊரில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. அக்னி நட்சத்திரமே 4ஆம் தேதிதான் தொடங்கியது என்பதை நினைவில் வையுங்கள். மாடித் தளத்தில் செருப்பில்லாமல் நிற்க முடியாது என்றால், கறுப்புக் குரோ பேக்குக்குள் இருக்கிற வேர் என்ன பாடுபடும்?

இங்கே என் சொந்தத் தவறைச் சொல்லியாக வேண்டும். யூடியூபில் ஒருவர், "பிப்ரவரியில் தக்காளி விதையுங்கள், மே மாதம் கூடை கூடையாகப் பறிக்கலாம்" என்றார். அவர் எந்த ஊர் என்று நான் பார்க்கவில்லை. மாசியில் விதைத்தேன். நாற்று நன்றாக வந்தது, செடி இடுப்பளவு வளர்ந்தது, சித்திரையில் கொத்துக் கொத்தாய்ப் பூத்தது. வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் காலை தண்ணீர் ஊற்றப் போனால் தளமெல்லாம் மஞ்சள் பூ. ஒவ்வொன்றும் காம்புக் கணுவில் ஒடிந்து, கத்தரித்துப் போட்டதுபோல் கிடந்தது. பொறுக்கி எண்ணினேன்: 42. அந்தப் பருவம் முழுக்கக் கிடைத்தது நெல்லிக்காய் அளவில் நாலு காய். பகல் வெப்பம் 35 செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 25க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப்போகிறது. சூல் பிடிக்காத பூவைச் செடி உதிர்த்துவிடுகிறது. உரம் போட்டாலும் பஞ்சகவ்யம் தெளித்தாலும் அது மாறாது. அந்த வீடியோக்காரர் பெங்களூரு என்று பின்னால் தெரிந்தது. பெங்களூரு நம்மிடமிருந்து 200 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் 200 மீட்டர் சொச்சத்தில் இருக்கிறோம்.

அதே மே மாதத்தில் வெண்டையும் கொத்தவரையும் காராமணியும் தண்டுக்கீரையும் சலிக்காமல் நின்றன. தொரப்பாடி அக்கா ஒருவர் வீட்டில் வெண்டைக்காய் பறிக்க ஆள் தேட வேண்டியிருந்தது. பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தவர்களுக்கும், ஈரச் சாக்கைச் சுற்றியவர்களுக்கும், வெயிலைப் பாதியாகக் குறைக்கிற 50 சதவீதப் பச்சை வலை கட்டியவர்களுக்கும் செடி பிழைத்தது. வலையே போதும் என்று மண்ணுக்கு மேல் சருகு, வைக்கோல் பரப்பி மூடாக்கு போடாமல் விட்டவர்கள் மூவர். அவர்கள் பெயரைச் சொல்ல மாட்டேன், முன் வரிசையில்தான் இருக்கிறார்கள்.

போர் தண்ணீரால் வந்த தொந்தரவையும் பதிவு செய்கிறேன். பல வீடுகளில் உப்புத் தண்ணீர். ஊற்ற ஊற்ற மண் மேல் வெள்ளையாய்ப் படிகிறது, இலை நுனி கருகுகிறது. கருகலைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதையே இன்னும் ஊற்றியவர்கள் உண்டு. மழைநீரை டிரம்மில் பிடித்து, பத்து நாளைக்கு ஒருமுறை பையின் அடியால் வழியும் வரை ஊற்றி உப்பைக் கழுவிவிட்டதில் நல்ல பலன் தெரிந்தது.

ஜூலையிலிருந்து ‘வெளியூர் மாடி’ என்று ஒன்று தொடங்கினோம். கூட்டத்தின் கடைசி அரைமணி நேரம், வெளியே இருக்கிற நம் பிள்ளைகள் வீடியோவில் வந்து அவர்கள் செடியைக் காட்டுவார்கள். தாத்தா பாட்டிகள் அழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் விதி. முதல் மாதமே விதி மீறப்பட்டது.

இங்கிலாந்தில் இருக்கும் பையன் தக்காளியை மார்ச்சில் சமையலறை ஜன்னலோரம் விதைக்கிறான். மே நடுப்பகுதி வரை உறைபனி பயம் இருக்கிறதாம். அதற்குப் பிறகும் நாற்றை ஒரேயடியாக வெளியே வைக்கக் கூடாது. பத்து நாள் பகலில் வெளியே, ராத்திரி உள்ளே. குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குப் பழக்குவதுபோல் பழக்கித்தான் நடுகிறான். அவன் கறிவேப்பிலைச் செடி குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. இங்கே அவன் அம்மாவுக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. செடி சாகவில்லை, குளிருக்கு உறங்குகிறது, தண்ணீரைக் குறை என்று சொன்னோம். மார்ச் கடைசியில் அடிமரத்தில் அரிசி மணிபோல் பச்சை தெரிகிறது என்று படம் அனுப்பினான்.

அவன் விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் மறந்துபோய் வந்த வெங்காய விதையைக் காட்பாடி உறுப்பினர் ஒருவர் ஐப்பசியில் ஊன்றினார். வெங்காயம் கட்டவே இல்லை. மார்கழி, தை எல்லாம் வெங்காயத்தாள் பொரியல்தான். வெங்காயம் பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் கிழங்கு வைக்கும். அங்கத்திய ரகங்களுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். நமக்கு ஆனியில்கூட 13 மணி நேரத்தைத் தாண்டாது. நம் ரகங்கள் 12 மணி நேரத்திலேயே கட்டிவிடும். அதோடு, தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் விதையை நாடு விட்டு நாடு அனுப்பவோ கொண்டுவரவோ கூடாது என்பதையும் அன்று தெரிந்துகொண்டு தீர்மானம் போட்டோம். பார்சலில் முருங்கை விதை அனுப்பக் கிளம்பியவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தீர்மானம்.

மெல்போர்னில் இருக்கும் மகளுக்குப் பாட்டி ஆகஸ்ட் கூட்டத்தில், "ஆடிப்பட்டம் தேடி விதை, இன்னும் விதைக்கலையா?" என்று கேட்டார். அங்கே ஆடி நடுக்குளிர். தக்காளி நாற்றை நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை வரும் குதிரைப் பந்தய நாளையொட்டி நடுவது அந்த ஊர் வழக்கமாம். "நமக்கு ஆடிப்பெருக்கு, அவங்களுக்குக் குதிரையா?" என்றார் பாட்டி. துபாய்க்காரர் சொன்னதுதான் எனக்கு மிகவும் உதவியது. அவர்கள் கோடையை விட்டுவிட்டு செப்டம்பர், அக்டோபரில் விதைத்துக் குளிர்காலம் முழுக்கப் பறிக்கிறார்கள். என்னைக் கேட்டால், தக்காளி விஷயத்தில் நமக்குப் பங்காளி துபாய்தான், பெங்களூரு இல்லை. இந்த முறை புரட்டாசியில் விதைத்த தக்காளி தை, மாசியில் காய்த்துத் தள்ளியது. ரசத்துக்குக் கடைத் தக்காளி வாங்கவில்லை.

மூலிகை, வாசனைச் செடிகளில் கொத்தமல்லிதான் வழக்கம்போல் தலைவலி. "இன்னா சார், நாலு இலை வர்றதுக்குள்ள பூ வுட்டுக்கீது" என்று ஏப்ரலில் ஒருவர் தொட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சூடு ஏறினால் மல்லி இலையை மறந்து விதைக்குப் போய்விடும். ஐப்பசி முதல் தை வரை, பதினைந்து நாளைக்கு ஒரு கைப்பிடி என்று விதைத்தவர்களுக்குத் தொடர்ந்து கிடைத்தது. தனியாவைச் சப்பாத்திக் கட்டையால் இரண்டாக உடைத்து, ராத்திரி ஊறவைத்து விதைக்க வேண்டும் என்பதை நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. புதினாவுக்குப் பயிற்சியே தேவையில்லை. மார்க்கெட்டில் வாங்கிய கட்டில் இலையைக் கிள்ளிவிட்டுத் தண்டைத் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் வேர்.

பேத்தி பீட்ஸாவுக்கு பேசில் வேண்டும் என்கிறாள், விதை எங்கே கிடைக்கும் என்று ஒரு தாத்தா கேட்டார். அவர் வீட்டு வாசலிலேயே திருநீற்றுப்பச்சை நிற்கிறது. இரண்டும் ஒரே இனம், ரகம்தான் வேறு. சர்பத்தில் போடுகிற சப்ஜா விதை இதனுடையதுதான். பேத்தி சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "வாசனை கொஞ்சம் கோயில் மாதிரி இருக்கு" என்றாளாம். ஆனால் மீதி வைக்கவில்லை.

ஜனவரியில் ஏலகிரி போய் வந்தோம். 14 கொண்டை ஊசி வளைவு, இரண்டு பேருக்கு வாந்தி. மேலே சுமார் 1,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி செல்சியஸ் சொச்சம் குறையும் என்ற கணக்கு ஸ்வெட்டர் கொண்டுவராதவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. அங்கே ஒரு தோட்டத்தில் ரோஸ்மேரி கேட்டு வாங்கி, ஏழு பேர் குச்சி கொண்டுவந்தோம். ஆறு செத்துவிட்டன. வெயிலில் இல்லை, நாம் ஊற்றிய தண்ணீரில். பாதிக்குப் பாதி மணல் கலந்து, மண்தொட்டியில் வைத்து, மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே ஊற்றிய ஒருவருடையது மட்டும் இன்றும் நிற்கிறது. அவருக்குத் தண்ணீர் ஊற்ற நேரமில்லை என்பதுதான் உண்மைக் காரணம்.

இந்த ஆண்டின் நல்ல காரியம் முள் கத்தரி. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் நம் ஊர்க் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகும் நம்மில் பாதிப் பேர் கடையில் கலப்பின நாற்று வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு விவசாயியிடம் விதை வாங்கி, ஆடியில் 18 வீடுகளில் போட்டோம். இலை, காம்பு, காயின் தொப்பி எல்லாம் முள். பறிக்கும்போது குத்தும், அரியும்போது குத்தும். எண்ணெயில் வதங்கினால் வெண்ணெய்.

விதை எடுப்பதைச் சாய்நாதபுரம் அம்மா ஒருவர் செய்து காட்டினார். செடிக்கு ஒரு காயை மட்டும் பறிக்காமல் துணிநாடா கட்டி விட்டுவிட வேண்டும். அது மஞ்சளாகிப் பழுத்ததும் பறித்து, ஒரு வாரம் வைத்து, பிளந்து, வாளித் தண்ணீரில் பிசைய வேண்டும். மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை அடுப்புச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தினார். எல்லாம் பேசிக்கொண்டே, கை பார்க்காமல். கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது என்று கேட்டோம். "இஸ்திரி வண்டிக்காரர்கிட்ட கேளுங்க" என்றார். பக்கத்தில் வேறு கத்தரி இருந்தால் தேனீ கலந்துவிடும், அந்தச் செடியின் விதையை வைக்கக் கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார்.

காலிஃபிளவரில் ஏமாந்தோம். கடையொன்றில் வாங்கிய நாற்று ஆளுயர இலை விட்டது, பூ கட்டவில்லை. விசாரித்ததில், கடுங்குளிர் வேண்டிய பின்பருவ ரகம். முன்பருவ ரகம் என்றால் நம் மார்கழியிலேயே கட்டியிருக்கும். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை, இலையைக் கூட்டு வைக்கச் சொன்னார். வைத்தோம், சுமார்.

டிசம்பர் கூட்டம் நின்றது ஃபெஞ்சல் புயலால். நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள்தான் நம் முதல் ஞாயிறு. மழையில் பைகளின் அடித் துளை அடைத்துக்கொண்டு மிளகாய்ச் செடிகள் வேரழுகின. ஒரு வீட்டில் கீழே கூரை கசிந்து, வீட்டுக்காரர் மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். நனைந்த பையின் பாரம் கொஞ்சமில்லை. பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரோரம், உத்தரத்தின் மேலாக வையுங்கள் என்று பொறியாளர் உறுப்பினர் சொன்னதை அன்றே கேட்டிருக்கலாம்.

பூச்சிக்கு வேப்பெண்ணெய், மாவுப்பூச்சிக்குச் சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சங்கத்தின் ஸ்பிரேயர் ஜனவரியிலிருந்து யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. கேள்வி கேட்க மாட்டோம், வாசலில் வைத்துவிட்டுப் போனால் போதும்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக்குழு ஒரு நோட்டு அச்சடித்திருக்கிறது. எந்த மாடி, எந்தத் திசை, எந்தத் தேதி விதைத்தது, எப்போது பூத்தது, எப்போது செத்தது, இவ்வளவுதான் பத்தி. காட்பாடி மாடிக்கும் பாகாயம் மாடிக்குமே பத்து நாள் வித்தியாசம் வருவதை இந்த ஆண்டு பார்த்தோம். அடுத்த மார்ச்சில் 41 நோட்டையும் அருகருகே வைத்து நம் ஊருக்கென்று ஒரு விதைப்பு அட்டவணை போடலாம் என்று எண்ணம். விலை பத்து ரூபாய், செயலாளருக்கும் சலுகை இல்லை.

முள் கத்தரி விதை வேண்டியவர்கள் போகும்போது வாசல் மேசையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு பொட்டலம். ஆடி வரை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், போன வருடம் ஒருவர் வீட்டில் ஆனதுபோல் கசகசா என்று நினைத்து அரைத்துவிட வேண்டாம்.

செயலாளர்