அக்காவுக்கு, குவார்ட்ஸைட் பாலைவனத்திலிருந்து

அன்புள்ள அக்கா,

போன வாரம் நீ கேட்ட கேள்வி பாதியிலேயே அறுந்துபோனது. "வீட்டைக் கொடுத்துவிட்டு உங்களை மாதிரியே நாங்களும்…" என்றாய், சிக்னல் போய்விட்டது. மேட்டில் ஏறி நின்று திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் டிரெய்லர் வண்டியிலேயே குடித்தனம் நடத்துவது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அத்தான் ஜூனில் ஓய்வு பெறுகிறார், எடிசன் ஊரில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு நல்ல விலை கேட்கிறார்கள், போதாததற்கு நான் அனுப்பும் அஸ்தமனப் படங்கள் வேறு. ஆசையைக் கிளப்பிவிட்டவள் நான்தான், அதனால் மீதியையும் நானே சொல்லிவிடுகிறேன்.

இடம் அழகுதான், செலவும் குறைவுதான். அரிசோனாவில் குவார்ட்ஸைட்டை ஒட்டிய இந்த லா போசா நிலம் மத்திய அரசுடையது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் வண்டியை நிறுத்திக்கொள்ள நாங்கள் கட்டியது 180 டாலர். அத்தான் இதைக் கேட்டதும் கால்குலேட்டரை எடுப்பார். எடுக்கட்டும். ஆனால் அந்தப் பணத்துக்குக் கரண்டு கிடையாது, வண்டிவரை வரும் குழாய் கிடையாது, சாக்கடை இணைப்பும் கிடையாது. தண்ணீர் பிடிக்க ஒரு பொதுக் குழாய், கழிவைக் கொட்ட ஒரு பொது இடம், அவ்வளவுதான்.

எங்கள் டிரெய்லரின் நல்ல தண்ணீர்த் தொட்டி 45 கேலன், அதாவது சுமார் 170 லிட்டர். இரண்டு பேருக்கு ஒன்பது நாள் ஓட்டுவோம். குளிக்கும்போது உடம்பை நனைத்துக் குழாயை மூடு, சோப்புப் போடு, திற, அலசு, மூடு. தலைக்குக் குளிப்பதென்றால் அது தனி முடிவு, கலந்து பேசித்தான் எடுப்போம். அரிசி கழுவிய தண்ணீரில் தட்டு ஊறுகிறது. சாம்பார்ச் சட்டியை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் தண்ணீர் காட்டுவது. சென்னையில் மெட்ரோ தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நீயும் நானும் காத்திருந்தோமே, நினைவிருக்கிறதா? அப்போது லாரியாவது நம்மைத் தேடி வந்தது. இங்கே லாரியும் நாங்களே.

(ஊர்க் கல்லறையில் ஒரு குட்டிப் பிரமிடு இருக்கிறது, உச்சியில் செம்பு ஒட்டகத்தோடு. அமெரிக்க ராணுவம் 1856இல் ஒட்டகங்களோடு வரவழைத்த ஹாஜி அலி என்பவரின் சமாதி. பெயர் வாயில் நுழையாமல் இவர்கள் அவரை 'ஹை ஜாலி' ஆக்கிவிட்டார்கள். தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒட்டகங்களின் நினைப்பு வரும்.)

இனி நீ கேட்கக் கூச்சப்பட்ட விஷயம். கழிவறைக்கு ஒரு டேங்க், பிளாக் டேங்க் என்பார்கள். குளியல், பாத்திரத் தண்ணீருக்கு கிரே டேங்க். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டச் சுவரில் நாலு விளக்கு. அந்த விளக்குகளை நம்பாதே. வண்டியை எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் போட்ட கழிவறைக் காகிதம் உள்ளே சென்சாரில் ஒட்டிக்கிடக்கிறதோ என்னவோ, காலி டேங்கையும் முக்கால் என்று காட்டும். நம் குவளை வழக்கம் இந்த விஷயத்தில் வரமும் சாபமும். காகிதம் சேராது, டேங்கில் தண்ணீர் இருப்பதால் எதுவும் உள்ளே இறுகாது. ஆனால் டேங்க் சீக்கிரம் நிரம்பும்.

முதல் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொட்டும் இடத்தில் எங்களுக்குப் பின்னால் ஐந்தாறு வண்டிகள். கையுறை மாட்டிக்கொண்டு குழாயை இணைக்க மூடியைத் திருகினேன். உள்ளே இருக்கும் வால்வு முழுசாக மூடாமல் ஒரு நூல் இடைவெளி விட்டிருந்திருக்கிறது. ஒன்பது நாளாகக் கசிந்து அந்த மூடிக்குப் பின்னால் சேர்ந்தது மொத்தமும் என் செருப்பில் இறங்கியது. ஆமாம், அன்றைக்கு நான் போட்டிருந்தது செருப்பு. பின்வண்டிக்காரர், எழுபது வயதிருக்கும், ஒரு வார்த்தை பேசாமல் ஒரு வாளியும் பிளீச் பாட்டிலும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்த் தன் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

கரண்டு விஷயத்தில் எல்லோரும் பயப்படுவது மிக்ஸிக்கு. தேவையே இல்லை. 600 வாட் மிக்ஸியை ஐந்து நிமிடம் ஓட்டினால் ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்குதான் செலவு. சத்தம் போடாமல் தின்பவைதான் ஆபத்து. இவர் வேலைக்கு வைத்திருக்கும் ஸ்டார்லிங்க், அதாவது செயற்கைக்கோள் இணையக் கருவி, 50 வாட் என்று வைத்துக்கொள், நாள் முழுக்க ஓடினால் 1.2 யூனிட். ஜனவரி வெயிலில் கூரையில் இருக்கும் 400 வாட் சோலார் பேனல் தருவதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்புறம் ஃப்ரிட்ஜுக்கு என்ன, ராத்திரி ஹீட்டரின் விசிறிக்கு என்ன? ஹீட்டர் ஓடுவது கேஸில்தான், ஆனால் காற்றைத் தள்ள பேட்டரி வேண்டும்.

அக்டோபரில் ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் காட்டில், ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருந்தோம். காலையில் பளீரென்று வெயில், பேட்டரியில் ஒரு சொட்டு ஏறவில்லை. பேனலைத் துடைத்தார், ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், என்னையும் ஒருமுறை முறைத்தார். கடைசியில் பார்த்தால், லித்தியம் பேட்டரியின் வெப்பநிலை சைபருக்குக் கீழே போனால் அது சார்ஜ் வாங்கவே வாங்காதாம். வாங்கினால் கெட்டுவிடும் என்று அதற்குள்ளேயே ஒரு காவல் இருக்கிறது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தோம், காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் செய்கிற மாதிரி. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, குக்கர் இல்லாவிட்டால் பருப்பு வேகாது.

சமையல் என்றதும் ஞாபகம் வருகிறது. தாளிப்பதென்றால் முதலில் கூரை விசிறி, அப்புறம் கதவு, அப்புறம் இவர் கையில் ஒரு துண்டு. மிளகாய் கறுகியதும் புகை அலாரம் அலறும், இவர் துண்டை வீசுவார். படுக்கை அடுப்பிலிருந்து எட்டடி தூரம். கருவேப்பிலை வாசம் மூன்று நாள் தலையணையில் இருக்கும். இட்லி மாவைக் கரைத்துவைத்த அன்றைக்கு மட்டும் வண்டியை நகர்த்தாதே. நான் நகர்த்தினேன். மாவு இன்னும் ஏதோ ஓர் அலமாரி இடுக்கில் இருக்கிறது.

மற்றவை சில்லறைத் தொல்லைகள். எலி ஒயரைக் கடிக்கும். டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்னால் வயதாகிச் செத்துவிடும். முகவரி ஒன்று வேண்டும். எங்கள் லைசென்ஸில் இருப்பது டெக்சாஸில் லிவிங்ஸ்டன், எங்களைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதுதான் ஊர், கடிதங்கள் அங்கே போய்ச் சுற்றிக்கொண்டு வரும். நீங்கள் கிரீன் கார்டு என்பதால் முகவரி மாறினால் 10 நாளுக்குள் குடிவரவுத் துறைக்கும் தெரிவித்தாக வேண்டும். அத்தான் இதையெல்லாம் ரசித்துச் செய்வார், அது எனக்குத் தெரியும்.

எனக்குக் கவலை வேறொன்று. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒருவர் ஓட்ட, ஒருவர் நின்று கை காட்ட வேண்டும். எங்கள் கல்யாணத்தில் நடந்த பெரிய சண்டைகள் எல்லாம் அந்தக் கையசைப்பில் நடந்தவைதான். கோபித்துக்கொண்டு போக இங்கே இன்னொரு அறை கிடையாது. வெளியே போனால் கள்ளிச்செடி. எடிசன் வீட்டில் நீ மாடியில், அத்தான் கீழே டிவி அறையில். முப்பது வருஷமாக அந்த மாடிப்படி உங்களுக்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று விற்பதற்கு முன்னால் ஒருதரம் யோசி.

வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்களே இன்னும் விடவில்லை பார். ஆனால் வீட்டை இப்போது கொடுக்காதே. ஜனவரியில் இரண்டு பேரும் மூன்று வாரம் வாருங்கள். வாடகைக்கு ஒரு டிரெய்லர் எடுத்து எங்கள் பக்கத்திலேயே நிறுத்தலாம். இரண்டு முறையாவது டேங்கை அத்தான் கொட்டட்டும், நான் கிட்டேயே நிற்கிறேன்.

வரும்போது பெருங்காயமும், 5 லிட்டர் குக்கருக்கு ஒரு கேஸ்கட்டும் வாங்கி வா. பழையது விசில் வராமல் உயிரை எடுக்கிறது. அப்புறம், தயவுசெய்து ஷூ போட்டுக்கொண்டு வா.

உன் தங்கை