அந்த பாட்டிலை இப்போது திறக்காதே

ஊத்துக்கோட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள சரோஜா,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். பிச்சாட்டூர் தாண்டியதும் இவர் தூங்கிவிட்டார். மூன்றாவது கட்டும் போட்டாயிற்று, விரல்களை மடக்க முடிகிறது. புத்தூர்க் கட்டை நம்பாத எங்கள் பெரியவனே இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். வீக்கமும் நன்றாக வடிந்துவிட்டது.

நான் எழுத உட்கார்ந்தது உன் பேரனின் மீன் தொட்டிக்காக. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் உனக்கு. எழுதினால் தொட்டி பக்கத்திலேயே ஒட்டி வைப்பாய்.

அன்றைக்கு உன் வீட்டில் பார்த்தபோது தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த கழனி மாதிரி வெளுத்திருந்தது. தொட்டி வைத்துப் பத்து நாள்தான் ஆகிறது என்றாய். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கவென்று கடைக்காரர் கொடுத்த வாட்டர் கிளியர் பாட்டில் மேலே இருந்தது. மூடியைப் பிரிக்கவில்லை என்று பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

காரணம் சொல்கிறேன். நான் தொட்டி வைத்த வருஷம், பேத்திக்காகக் கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய் மூன்று தங்கமீன் வாங்கி வந்தேன். ஒன்றுக்குத் தலையில் சிவப்புத் தொப்பி. ஒருநாள் தண்ணீர் கலங்கியது, பாட்டில் மருந்தை ஒரு மூடி ஊற்றினேன். அரை மணியில் தண்ணீர் இன்னும் வெளுத்தது. வேலை செய்யவில்லை என்று நினைத்து மேலும் இரண்டு மூடி ஊற்றினேன். சத்தமாக இருக்கிறதே என்று ராத்திரி காற்று மோட்டாரையும் நிறுத்தினேன். விடியும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. தொப்பிக்காரன் கல்மேல் சாய்ந்து கிடந்தான். மற்ற இரண்டும் மேலே வாயைப் பிளந்து தவித்தன. அதில் ஒன்றுதான் பிழைத்தது. பேத்தி எழுந்திருக்குமுன் இரண்டையும் மாமரத்தடியில் புதைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது சரோஜா.

அதற்கப்புறம்தான் விவரம் தேடிப் படித்தேன். தண்ணீரில் மிதக்கும் தூசிகளுக்குப் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் இருக்கும். அதனால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு அடியில் இறங்காமல் மிதக்கும். பெரும்பாலான தெளிவூட்டிகளில் இருப்பது நேர்மின்னூட்டம் உள்ள பொருள். அது தூசிகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துவிடும், ஃபில்டர் பஞ்சு பிடித்துக்கொள்ளும். சேரும்போது முதலில் சில மணி நேரம் கலங்கித்தான் தெரியும். அது தெரியாமல்தான் நான் மேலே மேலே ஊற்றினேன். அளவு மீறினால் அந்தப் பசை மீனின் செவுளிலும் ஒட்டும். மூச்சு அடைபடும். காற்றும் ஓடவில்லை என்றால் கேட்கவே வேண்டாம்.

1996-இல் கிருஷ்ணா தண்ணீர் முதன்முதலாக வந்தபோது கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற ஜீரோ பாயிண்டுக்கு நாம் போய்ப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு குடம் மொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தோம். அம்மா தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உள்பக்கம் தேய்த்து வைத்தாள். காலையில் தெளிந்திருந்தது. அதை நினைத்துத்தான் நீ தொட்டியில் கொட்டை போடலாமா, படிகாரம் போடலாமா என்று கேட்டாய். குடத்தில் நாம் வண்டலை அடியில் விட்டுவிட்டு மேல் தண்ணீரை மொண்டுகொள்கிறோம். மீன் அந்த வண்டலோடுதான் மூச்சு விட வேண்டும். படிகாரம் தண்ணீரைப் புளிப்பாக்கும், அதிலுள்ள அலுமினியம் செவுளைப் புண்ணாக்கும். இரண்டும் வேண்டாம்டி. நீச்சல் குளத்துக்கு விற்கிற மருந்தும் கூடாது.

உன் தொட்டியில் இருப்பது தூசியே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. புதுத் தொட்டியில் பாக்டீரியா பெருகி இப்படி வெளுக்கும். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நல்ல பாக்டீரியா குடியேறுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அம்மோனியா விஷம்தான். மருந்து ஊற்றினால் தண்ணீர் தெளிந்துவிடும், அம்மோனியா அப்படியே இருக்கும். நீங்களும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். எனக்குப் பயமே அதுதான். அதோடு இரண்டடித் தொட்டியில் ஆறு தங்கமீன் ரொம்ப அதிகம். தங்கமீன் நிறையக் கழிவு போடும். நாலையாவது கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடு.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, தீனியைக் குறை. இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு போதும், ஒருநாள் பட்டினி போட்டாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்று. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் எடுக்கும் துளி மருந்தை முதலில் போடு. பஞ்சைக் குழாயில் பிடித்துக் கழுவாதே, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசு. குளோரின் பட்டால் நல்ல பாக்டீரியா செத்துப்போகும். மோட்டாரை ராத்திரியும் ஓட விடு.

பாட்டிலை எப்போதுமே தொடாதே என்று சொல்லவில்லை. புதுக் கல் போட்டுத் தூசி கிளம்பினால் அதற்கு அது சரியான மருந்து. அப்போதும் தொட்டியில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள். உன்னுடையது 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 54 லிட்டர். கல்லும் மேலே விட்ட இடமும் போக 45 லிட்டர் தேறும். லேபிளில் சொன்ன அளவில் பாதியில் தொடங்கு. ஒரு நாள் பொறுத்துப் பார். மீனுக்கு நோய் வந்து நீல மருந்து போட்டிருக்கும்போது இதைச் சேர்க்காதே. தண்ணீர் பச்சையாக மாறினால் ஜன்னல் வெயிலை மறைப்பதுதான் முதல் வேலை.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் யோசிக்காதே. உடனே பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு எனக்குப் போன் பண்ணு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அடுத்த வியாழன் கட்டுப் பிரிக்க வருகிறோம். அம்மோனியா பார்க்கும் டெஸ்ட் கிட்டை எடுத்து வருகிறேன், பேரனையே சோதிக்க வைக்கலாம். என் தொட்டிப் பஞ்சில் ஒரு துண்டை ஈரமாகவே கொண்டுவந்து உன் ஃபில்டரில் வைக்கிறேன். அதில் பாக்டீரியா ஏற்கெனவே இருக்கிறது, உனக்குச் சில வாரம் மிச்சமாகும்.

அன்புடன்,
வசந்தா